நாய்க்கு டின் உணவு: செலவு குறைய வேண்டும், சத்து குறையக் கூடாது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட் ஷாப் அலமாரியில் டின்னும் பவுச்சும் அடுக்கியிருக்கும். கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது எம்.ஆர்.பி.யைத்தான். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் பணமும் போகும், நாய்க்கும் வயிறு நிறையாது. டின்னைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மாதச் செலவு கணிசமாகக் குறையும். நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறேன்.

விலை குறைந்த டின் என்றால் தரமும் குறைவாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2007 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 6 கோடி டின்களையும் பவுச்சுகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவற்றைச் சாப்பிட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் செயலிழந்தது. சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததுதான் காரணம். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம் என்பதால், புரதம் குறைந்த மாவிலும் புரதம் நிறைய இருப்பதுபோல எண் காட்டியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையின் சொந்தப் பெயரில் மலிவாக விற்ற டின்களும், பெரிய பெயரோடு அதிக விலைக்கு விற்ற டின்களும் அதே தொழிற்சாலைகளில் இருந்துதான் வந்தன. திரும்பப் பெற்ற பட்டியலில் இரண்டு வகையும் இருந்தன. கூடுதல் விலை கொடுத்தவரின் நாய்க்கு அந்த விலையால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. 2019 ஜனவரியிலும் இப்படி ஒன்று நடந்தது. மருத்துவர்கள் பரிந்துரைக்கும் விலை உயர்ந்த ஹில்ஸ் நிறுவனத்தின் நாய் டின்கள் சிலவற்றில் வைட்டமின் டி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டதால், அந்த நிறுவனமே அவற்றைத் திரும்பப் பெற்றது.

விலை எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, தயாரித்தவர் யார், கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

அப்படியானால் இரண்டு டின்களின் விலையை எப்படி ஒப்பிடுவது?

டின்னுக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பார்ப்பதுகூடப் போதாது. 100 கலோரிக்கு எவ்வளவு என்று பாருங்கள். டின் உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். கிரேவி பவுச்சில் 80 சதவீதத்தைத் தாண்டியும் இருக்கும். எடையை வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் தண்ணீரைத்தான் ஒப்பிடுகிறோம்.

ஓர் உதாரணம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் டின் 400 கிராம், விலை 200 ரூபாய், நூறு கிராமில் 90 கலோரி. மொத்தம் 360 கலோரி. 100 கலோரிக்கு ஏறத்தாழ 56 ரூபாய் ஆகிறது.

இரண்டாவது ஒரு கிரேவி பவுச். 80 கிராம், 45 ரூபாய், நூறு கிராமில் 70 கலோரி. பவுச் முழுவதும் சேர்த்து 56 கலோரிதான். 100 கலோரிக்கு 80 ரூபாய்.

மூன்றாவது டின் 400 கிராம், 260 ரூபாய், நூறு கிராமில் 125 கலோரி. மொத்தம் 500 கலோரி. 100 கலோரிக்கு 52 ரூபாய்.

அலமாரியில் 45 ரூபாய் பவுச்தான் கண்ணில் படும், கைக்கும் எளிதாக வரும். மூன்றில் விலை அதிகமானது அதுதான்! 260 ரூபாய் டின்தான் உண்மையில் மலிவு.

இனி உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி வேண்டும் என்று தெரிய வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்த, வளர்ந்த, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ 630 கலோரி. 20 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 1,060. எடை இரு மடங்கானால் தேவை இரு மடங்காவதில்லை என்பதைக் கவனியுங்கள். இவை தொடக்கத்துக்கான எண்கள்தான். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும் நாய்க்குக் குறைக்க வேண்டும், ஓடியாடும் சிப்பிப்பாறைக்குக் கூட்ட வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டால் பொதுவாக அளவு சரி. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள் இயல்பிலேயே ஒல்லி. அவற்றின் விலா லேசாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு அள்ளி அள்ளிப் போடாதீர்கள்.

அந்த 10 கிலோ நாய்க்கு நாள் முழுவதும் மேலே சொன்ன பவுச்சை மட்டும் கொடுத்தால் பதினோரு பவுச் ஆகும், செலவு 500 ரூபாயைத் தாண்டும். மூன்றாவது டின் என்றால் 330 ரூபாய்க்குள் முடியும்.

நாளைக்கு 330 ரூபாயா? அது எங்களுக்குக் கட்டுப்படியாகாதே.

பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டாது. டின்னை மட்டுமே கொடுத்து நாய் வளர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ட்ரை ஃபுட், அதாவது பையில் வரும் உலர்ந்த தீனி, நூறு கிராமில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கும். மூன்று கிலோ பை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 கலோரிக்கு 9 ரூபாய்கூட ஆகாது. நாளின் கலோரியில் கால் பங்கை நல்ல டின்னிலிருந்தும் முக்கால் பங்கை ட்ரை ஃபுட்டிலிருந்தும் கொடுத்தால், அதே 10 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 120, 125 ரூபாயில் முடிந்துவிடும். வாசனையும் ஈரமும் கிடைப்பதால் நாயும் விரும்பிச் சாப்பிடும்.

கலக்கும்போது ட்ரை ஃபுட்டைக் குறைக்க மறக்காதீர்கள். வழக்கமான அளவு தீனியின் மேல் டின்னையும் கொட்டினால் சில மாதங்களில் நாய் குண்டாகிவிடும், பிறகு மூட்டு வலிக்கு மருந்துச் செலவு வரும்.

டின்னில் கலோரியே அச்சிடவில்லை. என்ன செய்வது?

சத்து விவரப் பட்டியலில் புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் ஆகியவற்றின் சதவீதம் இருக்கும். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைக் கலந்திருக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். உணவை எரித்த பிறகு மிஞ்சும் தாது உப்புகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த ஐந்தையும் கூட்டி 100-இலிருந்து கழித்தால் மாவுச்சத்து கிடைக்கும். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கான கலோரி வந்துவிடும்.

புரதம் 8, கொழுப்பு 5, நார் 1, சாம்பல் 2, ஈரம் 78 என்றால் மாவுச்சத்து 6. அதாவது 28 + 42.5 + 21, ஏறத்தாழ 92 கலோரி. சாம்பல் அளவு கொடுக்கவில்லை என்றால் 2 என்று வைத்துக்கொள்ளலாம், பெரிய வித்தியாசம் வராது.

லேபிளில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்றால், 'கம்ப்ளீட்' என்று இருக்கிறதா, 'காம்ப்ளிமென்டரி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது முழு உணவு. நாய்க்குத் தேவையான வைட்டமின், தாது, கொழுப்பு அமிலம் எல்லாம் அதில் சேர்த்திருக்க வேண்டும். இரண்டாவது துணை உணவு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதுபோல. அதை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சத்துக்குறை வரும்.

கவர்ச்சியான படத்தோடு வரும் பல பவுச்சுகளும், வெறும் கோழித் துண்டும் சாறும் மட்டும் உள்ள டின்களும் இந்த இரண்டாவது வகைதான். 'இன்டர்மிட்டன்ட்', 'சப்ளிமென்டல்', 'டாப்பர்', 'ட்ரீட்' என்று எழுதியிருந்தாலும் அதே பொருள்தான். இவற்றை நாளின் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை.

முழு உணவு என்று போட்டிருந்தால், யாருடைய அளவுகோலின்படி, எந்த வயது நாய்க்கு என்பதும் அருகிலேயே இருக்கும். அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் ஆகிய இரண்டு பெயர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். இந்த அமைப்புகள் எந்த டின்னையும் சோதித்துச் சான்றிதழ் தருவதில்லை, அளவுகளை மட்டுமே வகுக்கின்றன. அந்த அளவுகளைப் பின்பற்றுவதாகச் சொல்வது நிறுவனத்தின் வாக்குறுதி. அதனால்தான் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் நுகர்வோர் தொடர்பு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன். வெளிநாட்டு டின் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், எம்.ஆர்.பி. உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத டின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கெட்டுப்போயிருந்தால் கேட்பதற்கு ஆளே இருக்காது.

டின்னில் புரதம் 8 சதவீதம், ட்ரை ஃபுட் பையில் 24 சதவீதம் என்கிறதே?

தண்ணீரை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஈரம் 80 சதவீதம் என்றால் மிச்சம் 20. அந்த 20-இல் 8 புரதம், அதாவது 40 சதவீதம். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10, மிச்சம் 90. அதில் 24 என்றால் 27 சதவீதம்கூட இல்லை. டின்னில்தான் புரதம் அதிகம். இப்படி ஈரம் நீக்கிக் கணக்கிடும்போது, வளர்ந்த நாய்க்கு 18, குட்டிக்கு 22.5 சதவீதம் என்பது ஆஃப்கோ வகுத்த குறைந்தபட்ச அளவு.

'சிக்கன்', 'வித் சிக்கன்', 'சிக்கன் ஃபிளேவர்' – எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. அமெரிக்க விதிப்படி டின்னின் பெயரே 'சிக்கன் ஃபார் டாக்ஸ்' என்பதுபோல இருந்தால், சேர்த்த தண்ணீரை விட்டுவிட்டுப் பார்க்கையில் 95 சதவீதம் கோழியாக இருக்க வேண்டும். 'சிக்கன் டின்னர்' என்றால் 25 சதவீதம் போதும். 'வித் சிக்கன்' என்றால் 3 சதவீதம், ஐரோப்பாவில் 4. 'ஃபிளேவர்' என்றால் வாசனை தெரிந்தால் போதும், அளவே கிடையாது. எல்லா நாட்டுத் தயாரிப்பும் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை. எனவே பொருள் பட்டியலையும் படியுங்கள், எடை அதிகமானதை முதலில் எழுதுவதுதான் வழக்கம்.

கோழி ஒவ்வாமை உள்ள நாய்க்கு 'லேம்ப்' என்று போட்ட டின் வாங்கும்போது இது மிக முக்கியம். 'வித் லேம்ப்' டின்னில் ஆட்டிறைச்சி கொஞ்சமும் மிச்சமெல்லாம் கோழியுமாக இருக்கலாம்.

'பை-புராடக்ட்' என்று எழுதியிருக்கிறதே, கழிவா?

ஈரல், இதயம், நுரையீரல், மண்ணீரல், இரைப்பை போன்றவற்றைத்தான் அப்படி எழுதுகிறார்கள். நம் ஊர் கறிக்கடையில் ஈரலையும் சுவரொட்டியையும் (மண்ணீரல்) கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இரும்பும் வைட்டமின் ஏ-யும் வெறும் சதையைவிட ஈரலில் அதிகம். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஒரு மலிவான, முழுமையான டின்னை ஒதுக்கிவிட்டு, இரண்டு மடங்கு விலையில் வெறும் நெஞ்சுக்கறித் துண்டு உள்ள டின்னை வாங்குவது நாய்க்கு நல்லதே இல்லை. எந்த விலங்கினுடையது என்று பெயர் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

தானியம் இல்லாத 'கிரெய்ன் ஃப்ரீ' டின்தான் நல்லது என்கிறார்களே?

அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய்கள் பெற்றிருக்கின்றன. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் அதிகம் என்று 2013-இல் நேச்சர் இதழில் ஆய்வே வந்தது. நம் வீட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்று வளர்ந்தவைதாம். மறுபக்கம், பட்டாணியும் பருப்பும் அதிகம் சேர்த்த தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதய வீக்க நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. தொடர்பு உறுதியாகவில்லை. ஆனாலும், தேவையில்லாத ஒன்றுக்கு ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? கோதுமை ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொன்ன நாய் மட்டுமே விதிவிலக்கு.

குட்டிக்குப் பெரிய நாயின் டின்னையே கொடுக்கலாமா?

கூடாது. 'க்ரோத்' (வளரும் பருவத்துக்கு) அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' (எல்லா வயதுக்கும்) என்று எழுதியிருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கிரேட் டேன், ராட்வைலர் போன்ற பெரிய இனக் குட்டி என்றால், வளர்ந்த பின் 32 கிலோவுக்கு மேல் போகும் நாய்களுக்கும் ஏற்றது என்ற குறிப்பும் வேண்டும். அவற்றுக்குக் கால்சியம் குறைந்தாலும் எலும்பு கெடும், கூடினாலும் கெடும். நல்லது என்று நினைத்து மேற்கொண்டு கால்சியம் டானிக் ஊற்ற வேண்டாம்.

நாம் சாப்பிடும் டின் மீனைக் கொடுத்தால் என்ன? அது இன்னும் மலிவு.

இலங்கையில் டின் மீன் இல்லாத கடையே இல்லை என்பதால் அங்கிருந்து இந்தக் கேள்வி நிறைய வரும். எப்போதாவது, நன்றாகத் தண்ணீரில் அலசி, ஒரு சிறு துண்டு கொடுக்கலாம். தினசரி உணவாக வேண்டாம். உப்பு அதிகம், முழுச் சத்தும் கிடையாது. வெங்காயமோ பூண்டோ சேர்ந்த சாஸில் ஊறியது என்றால் துளியும் கூடாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், பொடியாக இருந்தாலும் அதே ஆபத்துதான். குழம்பு, பிரியாணி மிச்சம் போடாதீர்கள் என்பதும் இதனால்தான்.

வீட்டுச் சோற்றோடு டின்னைக் கலந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவோடு. பாதிக்கு மேல் சோறாகிவிட்டால் 'கம்ப்ளீட்' என்ற சொல்லுக்குப் பொருளில்லை. டின்னில் அளந்து சேர்த்த கால்சியமும் துத்தநாகமும் மற்றவையும் சோற்றில் நீர்த்துப்போகும். டின் முக்கால், சோறு கால் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வசதியில்லை, வீட்டுச் சாப்பாடுதான் முதன்மை என்றால், சோறு, முட்டை, கோழி, கால்சியம் எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திட்டமிட்ட வீட்டுச் சாப்பாடு, துணை உணவு டின்னைவிட நாய்க்குப் பல மடங்கு நல்லது.

பெரிய டின் மலிவு. ஆனால் திறந்தால் எத்தனை நாள் தாங்கும்?

மூடியிருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் தாங்கும். டின்னை அடைத்த பிறகே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் அழுத்தத்தில் வேகவைத்துக் கிருமி நீக்குகிறார்கள். பதப்படுத்தும் ரசாயனம் போட்டதால்தான் கெடாமல் இருக்கிறது என்று பலர் நினைப்பது சரியல்ல. திறந்த நிமிடமே அந்தப் பாதுகாப்பு போய்விடும். வேறு பாத்திரத்துக்கு மாற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். அன்று நீண்ட மின்வெட்டு என்றால் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் தட்டில் வைத்தது அரை மணி நேரத்தில் தீராவிட்டால் எடுத்துவிடுங்கள். எறும்பும் ஈயும் வருமுன்னே கிருமி வந்துவிடும். சிறிய நாய் என்றால் பெரிய டின்னை அன்றே ஒருவேளை அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்த பின் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கொடுக்கும்போது கொஞ்சம் வெந்நீர் கலந்தால் வாசனை திரும்பிவிடும்.

தேதி நெருங்கிய டின்னைத் தள்ளுபடியில் வாங்கலாமா?

தேதிக்குள் தீர்த்துவிடுவீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், நல்ல சேமிப்பு. உப்பிய டின், ஒழுகும் டின், துருப்பிடித்தது, விளிம்பு மடிப்பில் நசுங்கியது ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உப்பல் என்றால் உள்ளே கிருமி வளர்ந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். நடுவில் சின்னதாக ஒரு நெளிவு மட்டும் இருந்தால் பரவாயில்லை.

பத்துப் பன்னிரண்டு டின் உள்ள பெட்டியை வாங்கும் முன் ஒரே ஒரு டின் வாங்கி நாய்க்குப் பிடிக்கிறதா, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பழைய உணவில் கால் பங்கை மாற்றித் தொடங்கி, ஒரு வாரத்தில் முழுவதுமாக மாற்றுவதுதான் முறை. ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும், பழியை டின்மேல் போடுவோம்.

என் நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு. மலிவான டின் எது?

இதற்கு நான் பெயர் சொல்ல மாட்டேன், பெட் ஷாப்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். சிறுநீரகத்துக்கு பாஸ்பரஸ் குறைய வேண்டும், கணைய அழற்சிக்குக் கொழுப்பு குறைய வேண்டும், சிறுநீர்க் கல் என்றால் எந்த வகைக் கல் என்பதைப் பொறுத்து உணவே மாறும். கொழுப்பு 7 சதவீதம் என்று டின்னில் பார்க்கக் குறைவாகத் தெரியும். ஈரம் 78 என்றால், தண்ணீரை நீக்கிய கணக்கில் அது 32 சதவீதம். கணையம் கெட்ட நாய்க்கு அது ஆபத்து. தனியார் மருத்துவமனைக் கட்டணம் கட்டாது என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவுகளை எண்ணாக எழுதி வாங்கிக்கொண்டால், அந்த எண்களுக்குள் விலை குறைந்ததை நீங்களே தேடலாம்.

டின் ருசி கண்டபிறகு வேறெதையும் தொட மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

நலமாக இருக்கும் வளர்ந்த நாய் என்றால் தட்டை வைத்து இருபது நிமிடம் பாருங்கள், தொடாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு அதே உணவையே வையுங்கள். இடையில் பிஸ்கட் கொடுக்காதீர்கள். ட்ரை ஃபுட்டை வெந்நீரில் ஊறவைத்து ஒரு கரண்டி டின்னை நன்றாகப் பிசைந்து கலந்தால், பொறுக்கி எடுத்துத் தின்ன முடியாது. அந்தக் கரண்டியை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வரலாம். குட்டியோ, வயதான நாயோ, ஏற்கெனவே நோயுள்ள நாயோ என்றால் இப்படிக் காத்திருக்க வேண்டாம். எந்த நாயானாலும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், அல்லது சோர்ந்து படுத்தால், வாந்தி எடுத்தால், அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.